வெளிவராத படம் கசிந்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது?

3 மார்ச் 2025, காலை (தென்காசி வாசகர் ஒருவரின் கேள்வி)

வெளியீட்டுக்கு முன்பே ஒரு படம் இணையத்தில் கசிந்துவிட்டால் தயாரிப்பாளர்கள் தொடங்கிக் காவல் துறை வரை எல்லோரும் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறார்கள். நடிகர் சம்பளத்தை வாங்கிவிட்டார், இயக்குநரும் வாங்கிவிட்டார். தியேட்டருக்குப் போகிறவன் எப்படியும் போவான். கைப்பேசியில் பார்க்கிறவன் என்றைக்கும் டிக்கெட் எடுக்கப் போவதில்லை. 2013-இல் ‘அத்தாரிண்டிகி தாரேதி’ என்ற தெலுங்குப் படம் முன்கூட்டியே கசிந்தும் வசூலை வாரிக் குவித்தது. அப்படியானால் இதில் உண்மையில் யாருக்கு என்ன நட்டம்? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

தம்பி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைப் பற்றி எழுதுகிறேன். படப்பெட்டி ரயிலில் வந்துகொண்டிருந்த காலத்தில், தொழிலில் டி.கே. ஏரியா என்று சொல்லப்படும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பகுதியில் ஒரு விநியோகஸ்தரிடம் ரெப்பாக வேலை பார்த்தவன் நான். படத்தோடு போய்த் தியேட்டரில் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் விற்ற டிக்கெட்டைக் கணக்குப் பார்த்து, டி.சி.ஆர். எனப்படும் தினசரி வசூல் தாளில் கையெழுத்திட்டு முதலாளிக்கு அனுப்புவதுதான் ரெப்பின் வேலை. அதனால் சினிமாவின் லாப நட்டத்தை நான் நடிகர் பக்கத்திலிருந்து பார்த்ததே இல்லை. டிக்கெட் கவுண்டருக்கு உள்ளேயிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

நடிகர் சம்பளம் வாங்கிவிட்டார் என்பது மெய். ஆனால் மினிமம் கியாரண்டி முறையில் ஏரியா உரிமையை எடுத்தவர், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்பி வராத ஒரு தொகையை முன்கூட்டியே கட்டியிருக்கிறார். அந்தத் தொகையில் ஒரு பங்கு தியேட்டர்காரர்கள் கொடுத்த அட்வான்ஸ், இன்னொரு பங்கு வட்டிக்கு எடுத்த கடன். கட்டிய தொகை வசூலாகித் திரும்பிய பிறகுதான் அவருக்குக் கமிஷன் என்ற ஒன்றே கண்ணில் படும். படம் கசிகிற நாளில், மேலே இருப்பவர்கள் எல்லோரும் பணத்தை வாங்கி முடித்திருப்பார்கள். கீழே இருப்பவர்கள் எல்லோரும் பணத்தைக் கொடுத்து முடித்திருப்பார்கள். தம்பியின் கேள்வி மேலே இருப்பவர்களோடு நின்றுவிடுகிறது.

4 மார்ச்

தியேட்டருக்குப் போகிறவன் எப்படியும் போவான் என்ற வாதத்துக்கு வருகிறேன். முதல் நாள் முதல் காட்சிக்கு அது பொருந்தும். திருநெல்வேலி ஜங்ஷனில் ராம் முத்துராம் தியேட்டர் வாசலில் மேளம் அடித்துக் கட்அவுட்டுக்கு மாலை போடும் பையன், அதே படம் அவனுடைய சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியில் கிடந்தாலும் உள்ளே போகத்தான் செய்வான், ஏனென்றால் அவன் படம் பார்க்க மட்டும் வரவில்லை. ஆனால் ஒரு படத்தை முதல் காட்சி காப்பாற்றுவதில்லை. ஞாயிறு மாலைக்கு மேலப்பாளையத்திலிருந்தும் பேட்டையிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவர்கள், திங்கட்கிழமைக்குப் பிறகு ‘படம் நல்லாருக்காம்’ என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள், களக்காடு, திசையன்விளை போன்ற ஊர்களில் இரண்டாவது வாரத்தில் வருகிறவர்கள் ஆகியோரை நம்பித்தான் ஏரியா கணக்கு நேராகிறது. கசிவு இவர்களைத்தான் முதலில் வீட்டில் உட்கார வைக்கும். வெள்ளிக்கிழமை டி.சி.ஆரைப் பார்த்து எவராலும் எதையும் சொல்லிவிட முடியாது. திங்கட்கிழமைத் தாளை எடுத்தால் படத்தின் ஜாதகம் தெரிந்துவிடும்.

4 மார்ச், பிற்பகல்

தெலுங்குப் படத்தின் கதையை முழுதாகச் சொல்லிவிடுவது நல்லது. ஆகஸ்டில் வரவேண்டிய படம், அன்றைய ஆந்திரத்தில் மாநிலப் பிரிவினையை எதிர்த்து நடந்த போராட்டங்களால் அக்டோபர் 9-க்குத் தள்ளிப்போனது. செப்டம்பர் கடைசியில் படத்தின் ஒரு பெரும்பகுதி கசிந்தது. உடனே வெளியீட்டைச் செப்டம்பர் 27-க்கு இழுத்தார்கள். படம் ஓடியது, அந்த நாயகருக்கு இருந்த ரசிகர் கூட்டமும், ‘நம்மாளுக்கு அநியாயம் செய்துவிட்டார்கள்’ என்ற கோபமும் சேர்ந்து அதை ஓட்டின. அப்படிக் கோபப்படுவதற்கு ஆள் இல்லாத படத்தின் கதி என்ன? 2016-இல் ‘கிரேட் கிராண்ட் மஸ்தி’ என்ற இந்திப் படம் கசிந்தபோது அவர்களும் ஜூலை 22-இலிருந்து 15-க்குத் தேதியை முன்னே கொண்டுவந்தார்கள். தேறவில்லை. கசியாமல் இருந்திருந்தாலும் அது தேறியிருக்குமா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம்தான். ஆகவே அதைத் தனிச் சான்றாக வைத்து நான் வாதாட மாட்டேன், தெலுங்குப் படத்தை வைத்துத் தம்பியும் வாதாட வேண்டாம்.

4 மார்ச், இரவு

ஒற்றைப் படங்களை விட்டுவிட்டுப் பல படங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டது அது. வெளியீட்டுக்குப் பிறகு திருட்டுப் பிரதி வந்த படங்களோடு ஒப்பிட்டால், முன்பே வந்த படங்களின் வசூல் ஏறத்தாழ 19 விழுக்காடு குறைகிறது என்று அவர்கள் கண்டார்கள். அமெரிக்கக் கணக்கை அப்படியே திசையன்விளைக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் கசிவு எல்லாம் ஒன்றல்ல, முன்னால் வருவது பின்னால் வருவதைவிடக் கொடியது என்ற அளவில் என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது.

5 மார்ச்

எங்கள் காலத்தில் கசிவே இல்லையா என்று வள்ளியூர் நண்பர் கேட்டிருக்கிறார். பயம் இருந்தது. வியாழக்கிழமை பெட்டி வந்து இறங்கியதும் பூஜை போட்டு ஆபரேட்டர் அறைக்குள் ஏற்றுவார்கள். அன்று இரவு அந்தப் பெட்டிக்கு அருகில் பாயை விரித்துப் படுப்பது ரெப்பின் எழுதப்படாத கடமை. படச்சுருளை இரவோடு இரவாக எடுத்துப்போய் வீடியோவுக்கு மாற்றிவிட்டுக் காலையில் திரும்ப வைத்துவிடுவார்கள் என்பது முதலாளிகளின் தீராத அச்சம். ஆபரேட்டர் அறையில் கார்பன் வாசமும் கொசுவும்; தூக்கம் எங்கே வரும்? இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரிண்ட் என்று ஷிஃப்டிங் போடும்போது பயம் இரட்டிப்பாகும். ஓடி முடிந்த ரீலை ஒரு பையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு அடுத்த தியேட்டருக்குப் பறப்பான். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தால் அங்கே இடைவேளை நீளும், சோடாக் கடைக்காரர் மகிழ்வார்.

இப்போது பெட்டியும் இல்லை, பாயும் இல்லை. தியேட்டருக்கு வருவது பூட்டிய டிஜிட்டல் கோப்பு. அதைத் திறக்கும் சாவியான கே.டி.எம்., குறிப்பிட்ட தியேட்டரின் குறிப்பிட்ட சர்வருக்கு மட்டும், குறிப்பிட்ட நேரத்திலிருந்து குறிப்பிட்ட நேரம் வரைக்கும்தான் வேலை செய்யும். ஹார்டு டிஸ்க்கை ஒருவன் தூக்கிக்கொண்டு ஓடினாலும் அவன் கையில் இருப்பது திறக்க முடியாத பெட்டகம். திரையில் ஓடும் படத்திலும் ஒலியிலும், எந்த சர்வரில் எப்போது ஓடியது என்பதைச் சொல்லும் மறைகுறி கலந்திருக்கும். ஒளித்துப் பிடித்த கேமரா பிரதியிலிருந்துகூட இன்ன ஊர், இன்ன தியேட்டர், இன்ன காட்சி என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. வெளிவராத படம் தியேட்டரிலிருந்து கசிவதற்கு வழி மிகவும் குறைவு. எடிட்டிங், டப்பிங், கலர், பின்னணி இசை, கிராஃபிக்ஸ், தணிக்கை என்று பூட்டுப் போடுவதற்கு முந்திய நிலைகளில் எங்கோ ஒரு கை அதை எடுத்துக் கொடுக்கிறது. இணையதளம் நடத்துகிறவன் அதற்குப் பிறகு வருகிறவன்.

5 மார்ச், இரவு

கே.டி.எம். என்பது நகைக்கடைப் பலகையில் 916-க்குப் பக்கத்தில் இருப்பதுதானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அது வேறு. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் தயாரிப்பாளரின் கடன் பஞ்சாயத்து முடியாமல் கே.டி.எம். வராது நிற்கும்போது, தியேட்டர் மேலாளருக்கு இது அதைவிட விலை கூடியது.

7 மார்ச்

உள்ளிருக்கும் கை என்று நான் எழுதியதை இரண்டு பேர் மறுத்திருக்கிறார்கள். எல்லாம் ஹேக்கர் வேலை என்கிறார்கள். அப்படியும் நடந்ததுண்டு. 2014 நவம்பரில் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் வெளிவராத படங்களையும் அள்ளிப்போய் வெளியிட்டார்கள். ஆனால் நம் பக்கத்து வழக்குகளைப் பார்த்தால் பெரும்பாலும் கதை வேறு. 2016 ஜூனில் ‘உட்தா பஞ்சாப்’ வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்பு கசிந்தபோது, அந்தப் பிரதியின் மேலேயே தணிக்கைக்கானது என்ற குறி இருந்தது. 2015-இல் ‘பிரேமம்’ தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தபோது பரவிய தெளிவான பிரதியும் தணிக்கைக் குறியோடுதான் வந்தது. திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் கைதானார்கள். தம்பி சொன்ன தெலுங்குப் படத்திலும் கைதானவர்களில் படக்குழுவின் உதவியாளர் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து தெரிந்தவருக்கு, அவரிடமிருந்து இன்னொருவருக்கு என்று கை மாறி, கடைசியில் கிருஷ்ணா மாவட்டத்தில் ஒரு சிறு ஊரின் சி.டி. கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த வரிசையில் எனக்கு ஆச்சரியமாக இருப்பது, முதல் கைக்கு அனேகமாகப் பண ஆசை இருப்பதில்லை என்பதே. ‘என்னிடம் இருக்கிறது பார்’ என்ற பெருமைதான் அதிகம். நாங்களும் அதைச் செய்யாதவர்கள் இல்லை: வியாழக்கிழமை இரவு ஆபரேட்டர் அறையில் படத்தைச் சோதித்துப் பார்க்கும்போது தெரிந்தவர்கள் பத்துப் பேரை உள்ளே விடாத தியேட்டர் எங்கள் ஏரியாவில் அரிது. அந்தப் பத்துப் பேரும் மறுநாள் டீக்கடையில் கதையைச் சொல்லித் திரிவார்கள், அவ்வளவுதான். கதையை வாயால் சொல்லி ஒருவரும் ஏரியாவை நட்டப்படுத்த முடியாது. பெருமை பழைய பெருமைதான், ஆனால் இன்று அதன் கையில் நகல் இருக்கிறது.

8 மார்ச்

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்கு ஓர் உதாரணம் போதும். ‘எக்ஸ்-மென் ஆரிஜின்ஸ்: வுல்வரின்’ படம் 2009 மே 1-இல் வரவேண்டியது, ஒரு மாதம் முன்பே, கிராஃபிக்ஸ் முடியாத, நடிகர்களைக் கட்டித் தூக்கும் கம்பிகள்கூடத் தெரியும் பிரதி கசிந்துவிட்டது. அதைப் பார்த்து விமர்சனம் எழுதிய பத்திரிகையாளர் ஒருவருக்கு வேலை போயிற்று. பதிவேற்றிய ஒருவருக்கு 2011 டிசம்பரில் ஓராண்டுச் சிறை கிடைத்தது. தெருவில் விற்றவனிடம் வாங்கினேன் என்பது அவருடைய வாக்குமூலம். படம் முதல் மூன்று நாளிலேயே அமெரிக்காவில் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தம்பிக்கு இது சாதகமான செய்தி என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். பெரிய படங்கள் தாங்கும். என் பேச்சு தாங்காத படங்களைப் பற்றியது.

9 மார்ச்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்மாமன் கேட்கிறார்: அக்காள் மகன் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் வெளிவராத ஒரு படத்தின் லிங்க்கைப் போட்டுவிட்டான், ‘பாளையங்கோட்டைக்குப் போகவேண்டி வருமா’ என்று. எங்கள் ஊரில் பாளையங்கோட்டைக்குப் போவது என்றால் கல்லூரிக்கும் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். அவர் கேட்பது மூன்றாவதை, ஜெயிலை.

நான் வக்கீல் இல்லை, தெரிந்தவரை எழுதுகிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே பதிப்புரிமையை மீறுவதற்கும் அதற்குத் துணைபோவதற்கும் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிமன்றம் காரணம் எழுதி அதைக் குறைக்கலாம். இது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, நீதிமன்றம் பார்த்துத்தான் ஜாமீன் கொடுக்கக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் சொல்லிவிட்டது. திரைப்படச் சட்டத்தில் 2023-இல் கொண்டுவந்த திருத்தம் அபராதத்தில் இன்னும் கடுமையானது: குறைந்தது மூன்று மாதம், கூடினால் மூன்று ஆண்டுச் சிறை, அபராதம் மூன்று லட்சத்தில் தொடங்கி, கணக்குத் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரை. நூறு கோடிப் படத்துக்கு ஐந்து கோடி. தமிழ்நாட்டில் இவற்றுக்கு மேல், 1982-ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தில், அதாவது குண்டர் சட்டத்தில், 2004-இல் வீடியோ திருடர்களையும் சேர்த்திருக்கிறார்கள். விசாரணை முடிந்து தண்டனை கிடைப்பதற்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்க அதில் வழி இருக்கிறது.

அக்காள் மகனை இதில் எங்கே வைப்பார்கள் என்பதை ஒரு வக்கீல்தான் சொல்லவேண்டும். மேலும் அனுப்பாமல் நிறுத்துவதும், வாயை மூடிக்கொண்டு போய் ஒரு வக்கீலைப் பார்ப்பதும் இன்றைக்கே செய்யவேண்டியவை. வக்கீலைக் கேட்காமல் கைப்பேசியில் எதையும் அழிக்க வேண்டாம். குழுவில் ‘நான் இல்லை’ என்று விளக்கம் எழுதவும் வேண்டாம்.

10 மார்ச்

சட்டத்தை எழுதி முடித்த பிறகு ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2023 திருத்தத்தை மறுபடி படித்தால், அதன் முதல் தடை அனுமதி பெற்ற திரையிடும் இடத்தில் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவதற்கு. இரண்டாவது தடை திருட்டுப் பிரதியை லாபத்துக்காகப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு. நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேமரா பிடிப்பவன் மாட்டிக்கொள்வான், அதைக் காசாக்குகிறவனும் மாட்டிக்கொள்வான். கலர் ஸ்டூடியோவிலோ டப்பிங் அறையிலோ இருந்து காசு வாங்காமல் நண்பனுக்கு நகல் கொடுத்தவனுக்கு இந்தத் தடைகள் நேராகப் பொருந்துகின்றனவா? எனக்குப் படுகிற அளவில், அவனைப் பிடிக்கப் பழைய பதிப்புரிமைச் சட்டத்துக்கும் நம்பிக்கை மோசடிப் பிரிவுகளுக்கும்தான் போகவேண்டும். தியேட்டருக்குக் காவல் போடுவதிலேயே சட்டத்தின் கண் அதிகம் இருக்கிறது, அங்கே ஏற்கெனவே பூட்டு நன்றாக இருக்கும்போது.

10 மார்ச், இரவு

இணையதளத்தை முடக்கினால் தீர்ந்தது என்பவர்களுக்கு: 2012-இல் ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தடையாணையைக் காட்டி இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கிவிட்டன, திருட்டுப் படத்துக்குச் சம்பந்தமில்லாத காணொளித் தளமும் அதில் மாட்டிக்கொண்டது. ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கத்தை மட்டும் முடக்கினால் போதும் என்று தெளிவுபடுத்தியது. 2018-இல் ‘2.0’ வெளியீட்டுக்கு முன் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை முடக்க ஆணை வந்தது. முகவரியில் ஓர் எழுத்தை மாற்றினால் புதுக் கடை திறந்துவிடும்.

பெயர் தெரியாத எதிராளியை இத்தகைய வழக்குகளில் ‘அசோக் குமார்’ என்று குறிப்பிடுகிறார்கள். இந்தப் பெயரில் நம் பக்கத்தில் எத்தனை பேர்! பாவம், ஒருவரும் அப்பீலுக்குப் போனதாகத் தெரியவில்லை.

12 மார்ச்

சங்கரன்கோவில் வாசகர் எழுதியது என்னை யோசிக்க வைத்தது. அவர் ஊருக்கு அருகில் இருந்த டூரிங் கொட்டகை எப்போதோ போய்விட்டது, அடுத்த தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது, படம் பார்க்கப் பேருந்துச் செலவோடு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் வேண்டும், நான்கு வாரத்தில் ஓ.டி.டி.யில் வந்துவிடும், அதுவரை பொறுக்காத பையன்கள் வேறு வழி பார்க்கிறார்கள் என்கிறார். இதை நான் மறுக்க மாட்டேன். கைப்பேசிக் கடைகளில் மெமரி கார்டைக் கொடுத்து ‘புதுப் படம் ஏத்திக் கொடுங்க’ என்று வரிசையில் நின்றவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் உள்ளூர் கேபிளில் புதுப் படம் போட்ட காலத்தில் தெருவே விழித்திருந்தது.

ஆனால் இந்த நியாயம் வெளிவந்த படத்துக்குத்தான் செல்லும். தியேட்டர் தொலைவு, டிக்கெட் விலை, ஓ.டி.டி. தாமதம் எல்லாம், மற்றவன் பார்த்துவிட்டான், எனக்குக் கிடைக்கவில்லை என்ற குறையிலிருந்து பிறப்பவை. உலகத்தில் ஒருவருக்குமே இன்னும் கிடைக்காத படத்தைப் பற்றி அந்தக் குறை எழ முடியாது. அங்கே ஏழ்மையைக் காரணம் காட்டுவது ஏழைக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

13 மார்ச்

திருட்டுப் பிரதியால் வரும் நட்டம் 22,400 கோடி ரூபாய் என்று ஒருவர் எண்ணைப் போட்டிருக்கிறார். 2023-இல் இந்தியாவில் திருட்டு உள்ளடக்கத்தின் மதிப்பு அவ்வளவு என்று 2024-இல் வந்த ஓர் அறிக்கை சொன்னது உண்மை. ஆனால் பார்த்தவன் ஒவ்வொருவனும் டிக்கெட் எடுத்திருப்பான் என்று வைத்துக்கொண்டால்தான் அதை நட்டம் என்று சொல்ல முடியும். டி.சி.ஆர். எழுதிப் பழகிய கை அப்படி எழுதாது.

15 மார்ச்

தென்காசித் தம்பி திரும்ப வந்து, ‘அப்படியானால் நகல் கொடுத்த உதவியாளனைக் குண்டர் சட்டத்தில் போடலாமா அண்ணாச்சி’ என்று கேட்கிறார். வேண்டாம் என்பது என் கருத்து. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன் சென்னையில் எடிட்டிங் உதவியாளனாக இருக்கிறான். அவன் வேலை பார்த்த இடத்தில் ஒரு படத்தின் சில நிமிடங்கள் வெளியே போய்விட்டன. எவன் செய்தான் என்று தெரியாததால் எல்லோருடைய கைப்பேசியும் பறிபோயிற்று. விசாரணைக்கு அலைந்தான், அடுத்த படத்துக்கு அவனை எவரும் கூப்பிடவில்லை. இப்போது அங்கே உள்ளே நுழையும்போதே கைப்பேசியை லாக்கரில் வைக்கவேண்டும், யு.எஸ்.பி. துளைகள் அடைத்திருக்கின்றன, பார்வைக்குப் போகும் ஒவ்வொரு பிரதியிலும் பெறுகிறவரின் பெயர் திரைக்கு நடுவே நிற்கிறது. இதையெல்லாம் கசிவதற்கு முன்பே செய்திருக்கலாம். செலவு என்று தள்ளிப்போட்டவர்கள் பையன் மேல் பழி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு வேண்டியது வேறு. ஏரியா ஒப்பந்தத்தில், வெளியீட்டுக்கு முன்பு படம் கசிந்தால் மினிமம் கியாரண்டித் தொகையில் இன்ன பங்கைத் தயாரிப்பாளர் திருப்பித் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் மழை, கலவரம், தடையுத்தரவு எல்லாவற்றுக்கும் வரி இருந்தது, இதற்கு இருந்ததில்லை. அந்த வரி வந்துவிட்டால், பூட்டுக்குச் செலவழிப்பதா வேண்டாமா என்று சினிமாக்காரர்கள் இருக்கும் சென்னைச் சாலிகிராமத்தில் உட்கார்ந்து யோசிக்கிறவர் நட்டத்தையும் சேர்த்தே யோசிப்பார்.

15 மார்ச், இரவு

தயாரிப்பாளரும் கடன்காரர்தானே, அவர் எங்கிருந்து திருப்பித் தருவார் என்று தூத்துக்குடியிலிருந்து கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஓ.டி.டி. தவணை வரும்போது ஏரியாக்காரர்களின் பங்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஓ.டி.டி.காரரே கசிவைக் காரணம் காட்டித் தொகையைக் குறைத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விநியோகஸ்தர் யாராவது இருந்தால் எழுதட்டும்.